வியாழக்கிழமை பிளாப்பி

தண்டலம்
11.2.1991

அன்புத் தம்பி சுபாஷுக்கு, அக்கா செங்கமலம் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். பம்பாய் தண்ணீரும் சாப்பாடும் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா?

ஐந்து வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அம்மாவைப் பார்த்தேன். பிள்ளைப்பாக்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு உன் விலாசத்தைக் கொடுத்தாள். நீ கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கம்பெனியில் இருக்கிறாயாமே. "பொட்டியத் தொறந்து பார்த்தே இன்னா வியாதின்னு சொல்லிடுறானாம்" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரகடம் ரோட்டில் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். ஸ்கூட்டருக்குத் தகரத்தில் மட்கார்டு அடித்துக் கொடுக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அடுத்த மாதம் நான்கு கம்ப்யூட்டர் வருகிறது. யார் வேலைக்கு வந்தார், எந்த ஷிப்ட், எத்தனை மணி ஓ.டி. என்பதெல்லாம் இனி அதில்தான் ஏற்ற வேண்டுமாம். மேனேஜர் கோதண்டராமன் ஆபீஸ் ஆட்களைக் கூப்பிட்டு, யார் கற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். எட்டு வருடமாக டைப் மெஷினைத் தட்டியது போதும் என்று தோன்றியது.

கம்ப்யூட்டர் விற்க வந்தவர் அரை மணி நேரம் பேசினார். நான் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்ட வார்த்தைகள் இவை: ஃபைல், டைரக்டரி, ஹார்டு டிஸ்க், பிளாப்பி, சர்வர், நெட்வொர்க். எழுதத் தெரிந்ததே தவிர ஒன்றும் புரியவில்லை. சொல்லிக்கொடுக்க ஒரு வாரம்தான் ஆள் வருவாராம். அதற்குள் எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நேரமில்லை என்றால் பரவாயில்லை.

அக்கா
செங்கமலம்


பம்பாய்
20.2.1991

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். இருமல் மட்டும் போகவில்லை, இங்கே எல்லாருக்கும் இருக்கிறது. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஃபைல் என்றதும் நாடா போட்டுக் கட்டிய அட்டையை நினைத்துக்கொள்ளாதே. ஒரு பெயரின் கீழ் சேர்த்து வைத்த எழுத்துகள்தான் ஃபைல். நீ அடிக்கும் ஒரு கடிதம் ஒரு ஃபைல், மார்ச் மாத வருகைப் பட்டியல் இன்னொரு ஃபைல். பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஃபைல்கள் பெருகினால் தேட முடியாது. அதனால் சம்பளத்துக்கு ஒன்று, வருகைக்கு ஒன்று என்று பிரித்துப் பெயர் வைக்கிறோம். அந்தப் பிரிவுதான் டைரக்டரி.

நீ ஒரு தட்டுத் தட்டினால் ஓர் எழுத்து. அது பிடிக்கும் இடம் ஒரு பைட். ஆயிரத்துச் சொச்சம் பைட் சேர்ந்தால் ஒரு கிலோபைட். நீ நெருக்கமாக அடிக்கும் ஒரு முழுப் பக்கம் ஏறக்குறைய இரண்டு கிலோபைட் வரும். கறுப்பாக, சதுரமாக, கையில் வளைகிற மாதிரி ஒன்று தருவார்கள். அதுதான் பிளாப்பி. முன்னூற்று அறுபது கிலோபைட் கொள்ளும், அதாவது உன் கணக்கில் நூற்றெண்பது பக்கம். ஹார்டு டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதில் இருபதாயிரம், நாற்பதாயிரம் பக்கம் அடங்கும். ஆனால் கையில் எடுத்துப் போக முடியாது. ஹார்டு டிஸ்கில் இருப்பதை பிளாப்பியில் காப்பி எடுத்துக்கொள்ளலாம், நீ கார்பன் தாள் வைத்து அடிப்பாயே, அது போல.

முக்கியமான ஒன்று. திரையில் தெரிவதெல்லாம் டிஸ்கில் ஏறிவிட்டது என்று நினைக்காதே. 'சேவ்' கொடுத்த பிறகுதான் ஏறும். அதற்குள் கரண்ட் போனால் அடித்தது அத்தனையும் போய்விடும். உங்கள் ஊர் கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நெட்வொர்க் பற்றி, பெட்டிகள் வந்த பிறகு கேள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தம்பி
சுபாஷ்


தண்டலம்
18.3.1991

அன்புத் தம்பிக்கு ஆசிகள். உன் இருமலுக்கு சுக்கு, மிளகு போட்டுக் குடிக்கிறாயா? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் சௌக்கியம்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சொல்லிக்கொடுக்க வந்தவர் பேசியது முக்கால்வாசி விளங்கியது. ஆனால் உன் கார்பன் தாள் உதாரணம் சரியில்லை. கார்பன் பிரதி அசலை அடிக்கும்போதே கூட வந்துவிடும். இங்கே அசலை முடித்த பிறகு நாமாக நினைத்துக் காப்பி எடுத்தால்தான் உண்டு. நினைக்காவிட்டால் இல்லை. பெரிய வித்தியாசம்.

நான்கு பெட்டியையும் ஒரு கறுப்புக் கம்பியால் வரிசையாகச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. நாலாம் நாள் காலையில் எல்லாத் திரையும் ஒன்றாக நின்றுவிட்டது. பட்டணத்திலிருந்து ஆள் வந்து சாயந்திரம்வரை தேடினார். கடைசியில் பார்த்தால், ஸ்டோர்ஸ் சுப்பிரமணி தன் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தும்போது கம்பியின் கடைசி முனையில் இருந்த சின்ன மூடியைக் கழற்றி டிராயரில் போட்டிருக்கிறார். "இதுல இன்னா சார் கீது? ஒயரு கூட இல்ல, சும்மா மூடிதானே" என்றார். வந்தவர் மூடியைத் திருகினதும் எல்லாம் ஓடியது. வெறும் மூடி எப்படி நான்கு பெட்டியை நிறுத்தும்? எழுது.

அக்கா


பம்பாய்
2.4.1991

அன்புள்ள அக்கா, வணக்கம். இருமல் விட்டது. உனக்கு வேலை பிடித்திருக்கிறது என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. சந்தோஷம்.

கார்பன் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த மூடிக்கு டெர்மினேட்டர் என்று பெயர். ஒரு பெட்டி பேசினால் அந்தச் சைகை கம்பி முழுக்க ஓடும். நான்கும் கேட்கும், யாருக்கான செய்தியோ அது மட்டும் எடுத்துக்கொள்ளும். முனைக்குப் போன சைகை அங்கேயே அடங்கிவிட வேண்டும். மூடி இல்லாவிட்டால் முட்டிக்கொண்டு திரும்பி வரும். வருவதும் போவதும் மோதிக்கொண்டால் யாருக்கும் எதுவும் கேட்காது. அதனால் இரண்டு முனையிலும் மூடி இருந்தே ஆக வேண்டும். சுப்பிரமணியைத் திட்டாதே. இங்கே பெரிய பேங்கில் இதையே செய்தார்கள்.

நான்கில் ஒன்று சர்வர். பெரிய டிஸ்க் அதில்தான் இருக்கிறது. மற்ற மூன்றும் கம்பி வழியாக அந்த டிஸ்கைத் தங்களுடையது போலவே திறந்து பார்க்கும். வருகை ஃபைல் ஒன்றே ஒன்றுதான். நீ ஒரு பெயரைத் திருத்தினால் அடுத்த நிமிடம் ஸ்டோர்ஸில் திறப்பவருக்கும் திருத்திய பெயர்தான் தெரியும். இதுதான் நெட்வொர்க்கின் வசதி. கஷ்டமும் அதுதான். ஒருவர் கெடுத்தால் எல்லாருக்கும் கெட்டது.

ஆகவே தினமும் காப்பி எடு. இதற்கு பேக்கப் என்று பெயர். ஆறு பிளாப்பி வாங்கச் சொல். திங்கள், செவ்வாய் என்று கிழமையை எழுதி ஒட்டு. அன்றைய வேலை முடிந்ததும் அன்றைய பிளாப்பியில் காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோ. மறுநாள் அதை ஆபீஸில் பிளாப்பி வைக்கும் டப்பாவில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துப் போ. பெட்டியும் காப்பியும் ஒரே கட்டடத்தில் இருந்தால், தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

அம்மாவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

சுபாஷ்


தண்டலம்
10.6.1991

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. நலமாக இருக்கிறேன். உன் சேதி தெரியாமல் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

போன மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததைப் பேப்பரில் படித்திருப்பாய். பல நாள் பஸ் சரியாக ஓடவில்லை. ரோட்டில் இறக்கி, பையைக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். ஒரு போலீஸ்காரர் என் பிளாப்பியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, "இதுல இன்னா படம் கீது?" என்று கேட்டார். படமில்லை, ஆட்களின் பெயர் என்றேன். கொடுத்துவிட்டார்.

நீ சொன்ன மாதிரியே செய்கிறேன். மேனேஜர் எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறார். இப்போது இன்னொரு வசதியும் செய்தேன். இரண்டாம் ஷிப்ட் மூன்று மணிக்கு ஆரம்பிக்கிறது. கேட்டில் எழுதிய பெயர்களை நான் நான்கு மணிக்குள் ஏற்றிவிடுவேன். பிறகு என் மேஜையிலிருந்தே ஸ்டோர்ஸில் இருக்கும் பிரிண்டருக்கு அனுப்புவேன். பட்டியல் அங்கே அச்சாகும். கேண்டீன் நடத்தும் சந்திரம்மாள் அதை எடுத்துக்கொண்டு போய், பெயர் பார்த்து டீ டோக்கன் கொடுக்கிறாள். முன்பு தினமும் சண்டை. இப்போது சத்தமே இல்லை. மேனேஜர் என்னை 'கம்ப்யூட்டரம்மா' என்று கூப்பிடுகிறார்.

எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது. இதைச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை என்று எழுத நினைத்தேன். அது உண்மையில்லை. வீட்டிலும் தினமும் சொல்கிறேன்.

அக்கா


தண்டலம்
29.7.1991

அன்புத் தம்பிக்கு, நான் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஜூன் மாதக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வெளியூர் வேலையாக இருக்கலாம். இதற்காவது உடனே எழுது.

பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, சாயந்திரம் ஆறே காலுக்கு, தகரத்தை அழுத்தி வளைக்கும் பிரஸ் பிரிவில் ஒரு தொழிலாளியின் வலது கை மெஷினில் மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பித் தடுப்பை, வேலை வேகமாக நடப்பதற்காக இரண்டு வாரம் முன்பே கழற்றியிருந்தார்கள். நான் ஐந்து மணி பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன். வெள்ளி, சனி வேலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை போய் ஃபைலைத் திறந்தேன். வியாழன் இரண்டாம் ஷிப்ட்டில் நான் ஏற்றியது நாற்பத்திரண்டு பெயர். இருந்தது நாற்பத்தொன்று. அந்தத் தொழிலாளியின் பெயர் இல்லை. அன்றைக்கு அவர் லீவு என்றும், சும்மா உள்ளே வந்து மெஷினில் கை வைத்தார் என்றும் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது.

பதினோரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு, டப்பாவில் இருந்த ஐந்து பிளாப்பியையும் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் டெஸ்பாட்ச்சில் டைப் அடிக்கச் சொன்னார். வியாழக்கிழமை பிளாப்பி என் பையில் இருக்கிறது. வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

கேள்வி ஒன்று: சர்வரில் திருத்தினால் பிளாப்பியில் இருப்பதும் திருந்திவிடுமா? கேள்வி இரண்டு: பிளாப்பி எப்படியெல்லாம் கெடும்?

செங்கமலம்


பம்பாய்
5.8.1991

அன்புள்ள அக்கா, வணக்கம். நாக்பூரில் இருந்தேன், நேற்றுத்தான் இரண்டு கடிதத்தையும் பார்த்தேன். மன்னித்துக்கொள். உடம்பு சரியாக இருக்கிறதா? நீ சௌக்கியம் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் கையெழுத்து உன்னுடையது போல இல்லை.

முதல் கேள்விக்குப் பதில்: திருந்தாது. பிளாப்பி கம்பியில் இல்லை. வியாழக்கிழமை நீ காப்பி எடுத்த நிமிடத்தில் என்ன இருந்ததோ அதுதான் இருக்கும்.

இரண்டாவது: வெயில், தண்ணீர், தூசி, காந்தம். ரேடியோ பெட்டி மேல் வைக்காதே, அதற்குள் காந்தம் இருக்கிறது. குண்டூசி குத்தாதே, மடக்காதே. இதைவிட முக்கியம், பிளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். வாங்கும்போது கொடுத்த கறுப்பு ஒட்டுத் துண்டை அதன் மேல் ஒட்டிவிடு. ஒட்டினால் படிக்க மட்டுமே முடியும், யாரும் அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இதை முதலில் செய்.

அந்தத் தொழிலாளி யார்? நீ ஏன் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை?

சுபாஷ்


தண்டலம்
14.8.1991

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. நான் நலம். நாக்பூரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் திரும்பியது நல்லது.

ஒட்டுத் துண்டை ஒட்டிவிட்டேன். பிளாப்பியை ஒரு நோட்டுக்குள் வைத்து அரிசிப் பானைக்கு மேல் பரணில் வைத்திருக்கிறேன். ரேடியோ அந்தப் பக்கமே இல்லை.

விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வரப்போகிறார். ஃபைலுக்குப் பக்கத்தில் தேதியும் மணியும் தெரிகிறதே, பதினெட்டாம் தேதி நான்கு மணி ஐந்து நிமிடம் என்று, அதை யாரும் மாற்ற முடியாது என்று நான் சொல்லலாமா?

டைப் மெஷினுக்குத் திரும்பியதில் விரல் வலிக்கிறது. பழக்கம் விட்டுப்போய்விட்டது. இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க வந்தேன்.

அக்கா


பம்பாய்
22.8.1991

அக்கா,

உடம்பு விசாரித்து ஆரம்பிக்க இன்று மனம் வரவில்லை.

முதலில் நீ கேட்டது. அப்படிச் சொல்லாதே. தேதியை மாற்ற முடியும். கம்ப்யூட்டரில் தேதியை வேறாகச் சொல்லிவிட்டு ஃபைலைச் சேவ் செய்தால் அந்த வேறு தேதிதான் விழும். விவரம் தெரிந்த ஒருவர் அங்கே இருந்து அதைச் செய்து காட்டினால், நீ சொன்ன மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். பிளாப்பி மட்டும் போதாது. அந்த ஃபைல் அன்றைக்கு கம்பி வழியாக வேறு எங்கெல்லாம் போனது என்று யோசி. சர்வரில் இருப்பதைத் திருத்தலாம். ஏற்கெனவே வெளியே போய்விட்டதைத் திருத்த முடியாது.

இனி நீ கேட்காதது. உன் கம்பெனியில் பிரஸ் பிரிவில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். ஆறு மாதமாக நாம் எழுதிக்கொள்கிறோம். நான் ஒரு தடவைகூட அவரைப் பற்றிக் கேட்கவில்லை, நீயும் ஒரு தடவைகூட எழுதவில்லை. கை மாட்டியது ஜெபகுமாருக்குத்தானே?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். 86-இல் உங்கள் இரண்டு பேரையும் தண்டலம் நிறுத்தத்தில் பார்த்தேன். நான் பஸ்ஸில் இருந்தேன். அன்றைக்கே அப்பாவிடம் சொன்னது நான்தான். அவர் உன்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதும், நீ கட்டிய புடவையோடு கிளம்பிப் போனதும் அதனால்தான். யாரோ ஊர்க்காரர் சொன்னதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய்.

லீவு போட்டுவிட்டு வரட்டுமா? ஆய்வாளருக்கு நான் விளக்கிச் சொல்கிறேன்.

சுபாஷ்


தண்டலம்
16.9.1991

அன்புத் தம்பி சுபாஷுக்கு, அக்கா எழுதுவது.

ஆமாம், அவருக்குத்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும். புண் ஆறிவிட்டது. போன வாரம் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சாப்பாட்டைக் கரண்டியில் இடது கையால் எடுக்கிறார். நான் ஊட்டினால் கோபம் வருகிறது.

பதில் எழுத மூன்று வாரம் ஆனது கோபத்தினால் இல்லை. அப்பாவிடம் சொன்னது நீதான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அம்மா சொன்னாள். உனக்கு அப்போது இருபத்தொரு வயது, அப்பா முகத்தைப் பார்த்துப் பேசவே பயப்படுவாய். பிப்ரவரியில் உனக்கு எழுத உட்கார்ந்தபோது இதையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தவர் வேண்டியிருந்தது. தம்பியும் வேண்டியிருந்தது.

நீ வர வேண்டாம். அது நான் எடுத்த காப்பி, நானே சொல்கிறேன். தெரியாத வார்த்தையைத் தெரியாதவருக்குச் சொல்வது எப்படி என்று உன்னிடம் பார்த்துக்கொண்டேன்.

வெளியே போனது எது என்று யோசிக்கச் சொன்னாய். சந்திரம்மாளிடம் போனேன். கேண்டீன் பின்பக்கம் ஒரு கொக்கியில் பட்டியல்களைக் குத்தி வைத்திருக்கிறாள். மாதக் கடைசியில் பில்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம், ஆனால் யாரும் வாங்கவே இல்லையாம். ஜூலை 18 அதில் இருந்தது. "கூப்டா வந்து சொல்வியா அக்கா?" என்று கேட்டேன். அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "கான்ட்ராக்ட்டு போவும். போனாப் போவுது. அந்தாளு என் கையில டீ வாங்கிக் குடிச்சிட்டு ஒரு மணி நேரத்துல கைய வுட்டுகினாரு. இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

விசாரணை 27-ஆம் தேதி.

செங்கமலம்


தண்டலம்
7.10.1991

அன்புத் தம்பிக்கு ஆசிகள். எல்லாரும் நலம். நீ தந்தி கொடுத்திருக்க வேண்டாம், தந்தி என்றதும் தெருவே கூடிவிட்டது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மேனேஜர் அறையில்தான் விசாரணை. ஆய்வாளர் ஐம்பது வயதுக்காரர், கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை என்று அவரே சொன்னார். பிளாப்பியைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பினார்.

"இதுல எழுத்து ஒண்ணும் தெரியலையேம்மா?"

"கண்ணுக்குத் தெரியாது சார். உள்ளே இருக்கிற தட்டுல காந்தமாப் பதிஞ்சிருக்கும். அந்தப் பெட்டியில போட்டாத்தான் படிக்கும்" என்றேன். சர்வர் என்றால் என்ன, ஏன் எல்லாரும் ஒரே ஃபைலைப் பார்க்கிறார்கள், காப்பி ஏன் தனி, ஓரத்தில் ஏன் ஒட்டுத் துண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தி, "பைட்டுன்னா?" என்று கேட்டார். ஓர் எழுத்துக்கான இடம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

கோதண்டராமன், "அந்தத் தேதிய மாத்த முடியுமா முடியாதான்னு கேளுங்க சார்" என்றார்.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார்.

"முடியும் சார்" என்றேன்.

கோதண்டராமன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் முடியாது என்பேன், அப்புறம் ஆளைக் கூப்பிட்டு மாற்றிக் காட்டலாம் என்று இருந்திருப்பார்.

"அப்ப இத வச்சி நான் இன்னாம்மா பண்றது?" என்றார் ஆய்வாளர்.

"இதை மட்டும் நம்ப வேணாம் சார். இதே ஃபைல் அன்னிக்கு நாலு பத்துக்கு ஸ்டோர்ஸ் பிரிண்டருக்குப் போச்சு. அந்தத் தாள் கேண்டீன்ல கீது. அதை வரவழைச்சு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க" என்றேன். படபடப்பில் எனக்கு நம் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

சந்திரம்மாள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தாளில் ஓர் ஓரம் எண்ணெய். ஆய்வாளர் என் பழைய மேஜைக்கே வந்து பிளாப்பியைப் போடச் சொன்னார். திரையில் நாற்பத்திரண்டு பெயர். தாளிலும் நாற்பத்திரண்டு, அதே வரிசை. இருபத்தேழாவது ஜெபகுமார். தாளில் பக்கத்திலேயே டிக். பிறகு சர்வர் ஃபைலைத் திறக்கச் சொன்னார். அதில் இருபத்தேழாவது வேறு பெயர், கீழே எல்லாரும் ஒரு படி மேலே ஏறியிருந்தார்கள்.

"இந்த டிக்கு யாரு போட்டது?"

"நாந்தான் சார். அஞ்சேகாலுக்கு டோக்கன் குடுத்தேன். சக்கரை கம்மியாப் போடச் சொன்னாரு."

"படிக்கத் தெரியுமா உனக்கு?"

"பேரு மட்டும் படிப்பேன் சார். பேரு போதும்ல?"

ஆய்வாளர் திரையில் பார்த்த இரண்டையும் அச்செடுக்கச் சொல்லி, மூன்று பட்டியலிலும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. ஜெபகுமார் பணியில் இருக்கும்போது நடந்த விபத்து, தடுப்பைக் கழற்றியது கம்பெனியின் குற்றம் என்று எழுதியிருக்கிறார். சிகிச்சை, நஷ்ட ஈடு, கைக்கு ஏற்ற வேறு வேலை எல்லாம் கம்பெனி பொறுப்பு. எல்லா மெஷினிலும் தடுப்பை மாட்டிவிட்டார்கள். நான் போய் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

உன் கடிதங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. நன்றி என்று எழுதினால் நீ சிரிப்பாய்.

அக்கா


பம்பாய்
16.10.1991

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். கண் கலங்கியதைப் பார்த்து, ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று எல்லாரும் கேட்டார்கள். இல்லை என்றேன்.

ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. விசாரணையில் 'என் பழைய மேஜை' என்று எழுதியிருக்கிறாய். உத்தரவு வந்த பிறகு உன்னைத் திரும்பக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாமா கை எப்படி இருக்கிறது? டிசம்பரில் பத்து நாள் லீவு கிடைக்கும். நான் வந்தால் உங்கள் வீட்டில் இறங்கலாமா என்று அவரிடம் கேட்டு எழுது.

சுபாஷ்


தண்டலம்
25.11.1991

தம்பி சுபாஷ் அவர்களுக்கு ஜெபகுமார் எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். இடது கையால் எழுதப் பழகி ஒரு மாதம்தான் ஆகிறது. இந்தக் கடிதம் மூன்று நாள் வேலை. உங்கள் அக்கா எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் எழுதினால் சிலதை விட்டுவிடுவாள்.

நீங்கள் கேட்டதற்கு அவள் பதில் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். விசாரணைக்கு நான்கு நாள் முன்பு மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிளாப்பியைக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் பிரிவுக்கே அவளைத் தலைவியாகப் போடுவதாகவும், பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வைப்பதாகவும் சொன்னார். நான் கட்டிலில் படுத்திருந்தேன். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு இஷ்டம் என்று எனக்குத் தெரியும். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் பை வைக்கிறதுக்கு முன்னாலேயே அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாள் என்று சொல்ல ஆரம்பிப்பாள். அதனால் "குடுத்துடு, போவுது" என்று நானே சொன்னேன். அவள் மேனேஜருக்கு டீ கொடுத்தாள். "பேக்கப் எடுக்கிறதே எதுக்கு சார்? ஒரிஜினல் கெட்டுப்போனா காட்டத்தானே" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

உத்தரவு வந்த மறுவாரம் அவளை டைப் வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். ஆட்குறைப்பு என்று காரணம் சொன்னார்கள். சந்திரம்மாள் கான்ட்ராக்ட் மட்டும் போகவில்லை. அதை ரத்து செய்யப் போகிறார்கள் என்றதும் தொழிலாளிகள் எல்லாரும் இரண்டு நாள் கேண்டீன் டீயைத் தவிர வேறு எதையும் தொட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு கேட்டில் வேலை. ஆள் வரும்போது பெயர் எழுதுகிறேன். என் எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை, அது வேறு கதை.

உங்கள் அக்கா இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்தாள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, திறக்கத் தெரியாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். போய்த் துணியை எடுத்தாள். இப்போது காலையில் ஆறு பேர், சாயந்திரம் ஒன்பது பேர் படிக்கிறார்கள். முந்தாநாள் ஒரு பெண் ஃபைலுக்கும் டைரக்டரிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து, பை வைக்கிறதுக்கு முன்னாலேயே எனக்குச் சொன்னாள்.

எங்கள் வீட்டில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை எதற்குக் கேட்க வேண்டும்? எந்த வண்டி என்று மட்டும் எழுதுங்கள். நான் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வருகிறேன். பஸ் ஜன்னலிலிருந்து ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்திருக்கிறீர்கள், அப்போது ஒல்லியாக இருப்பேன். இப்போது அடையாளம் தெரியாது. இந்த மாதம்வரை வெளியே போனால் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வேன். உங்களுக்காக அன்றைக்குத் துண்டு இல்லாமல் வருகிறேன். வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெபகுமார்